நீலத்திரையின் வரலாறு

வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் கல்வெட்டுகளும் நம் நினைவுக்கு வருகின்றன. பொறிகளுக்கும் வரலாறு உண்டு. நீராவிப் பொறி ஓடியது, விமானம் பறந்தது, கணிப்பொறி கணக்கிட்டது என்று அவற்றின் வெற்றிகளைப் பலரும் எடுத்துரைத்திருக்கிறார்கள். அவை நின்றுபோன கதையைக் கூறுவோர் சிலரே. அந்தக் கதையின் ஒரு பகுதியைத்தான் நான் இன்று கூறப் புகுகிறேன்.

வீட்டில் கணிப்பொறி வைத்திருக்கும் மாணவர்கள் பலரும் இந்தக் காட்சியை அறிவார்கள். கட்டுரை ஒன்றைத் தட்டச்சிட்டுக்கொண்டிருக்கிறோம். திடீரென்று எழுத்துகள் மறைகின்றன. திரை முழுவதும் நீல நிறம் பரவுகிறது. வெள்ளை எழுத்தில் சில சொற்களும் ஒரு குறியெண்ணும் தோன்றுகின்றன. பிறகு கணிப்பொறி தானே அணைந்து மீண்டும் எழுகிறது. ஒருமுறை நேர்ந்தால் மறந்துவிடுகிறோம். நாள்தோறும் நேர்ந்தால் என் செய்வது? கடைக்கு எடுத்துச் சென்றால், 'எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் பதிவு செய்துவிடலாம்' என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. ஓராண்டு உழைத்துத் தொகுத்த குறிப்புகள் அந்தப் பொறிக்குள் இருக்கின்றன என்பதைக் கடைக்காரர் எங்ஙனம் அறிவார்? ஆகவே, பொறி ஏன் நிற்கிறது, நின்றதற்குரிய காரணத்தை எவ்வாறு தேடுவது என்னும் இரு கேள்விகளும் வெறும் தொழில்நுட்பக் கேள்விகள் அல்ல. அவற்றுக்கு விடை காண எழுபது, எண்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வோம்.

1946-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 'எனியாக்' என்ற பெருங்கணிப்பொறியை உலகுக்குக் காட்டினார்கள். பழைய வானொலிப் பெட்டிகளில் சிவந்து ஒளிர்ந்த வால்வுகளைப் பெரியோர் கண்டிருப்பார்கள். அத்தகைய வால்வுகள் ஏறத்தாழ 18,000 எனியாக்கில் இருந்தன. அவற்றில் ஒன்று பழுதானாலும் விடை தவறாகிவிடும். பொறியை நிறுத்தும்போதும் மீண்டும் இயக்கும்போதும், குளிர்ந்தும் சூடேறியும் வால்வுகள் கெடுவதைப் பொறியாளர்கள் கண்டறிந்தார்கள். ஆகையால் பொறியை அணைக்காமலே வைத்திருந்தார்கள். அங்ஙனம் காத்தும், அது பழுதின்றித் தொடர்ந்து ஓடிய மிக நீண்ட காலம் 1954-இல் எட்டிய 116 மணி நேரமே. ஐந்து நாள்கூட நிறையவில்லை.

அந்தப் பொறிக்கு முதன்முதலில் நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்மணிகள். பொறி எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதை வரைபடங்களைக் கொண்டே அவர்கள் கற்றுக்கொண்டார்கள். பழுது நேர்ந்தபோது ஏறத்தாழ இந்த வால்வுதான் என்று சுட்டும் அளவுக்கு அவர்கள் தேர்ச்சி பெற்றிருந்தார்கள். பதினெட்டாயிரத்துள் ஒன்றைக் கண்டுபிடிப்பது மந்திரத்தால் நிகழவில்லை. எந்தப் பகுதி சரியாக விடை தருகிறது என்று பார்த்து அதனை ஒதுக்கினார்கள். எஞ்சியதை மேலும் பகுத்தார்கள். பழுது தேடும் கலையின் முதற்பாடம் அந்தக் கூடத்தில் பிறந்தது எனலாம்.

அடுத்த ஆண்டு, 1947 செப்டம்பர் 9-ஆம் நாள், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 'மார்க் 2' கணிப்பொறியின் ரிலே ஒன்றனுள் விட்டில் பூச்சி ஒன்று சிக்கியிருக்கக் கண்டார்கள். பூச்சியை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, மெய்யாகவே ஒரு பூச்சி அகப்பட்ட முதல் நிகழ்ச்சி இது என்று வேடிக்கையாக எழுதி வைத்தார்கள். பொறியின் குறையைப் 'பூச்சி' என்று அழைக்கும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. எடிசன் 1878-இலேயே அச்சொல்லை ஆண்டிருக்கிறார். ஆதலால் அந்த விட்டில் பூச்சி சொல்லைப் பிறப்பிக்கவில்லை. அதன் பெருமை வேறு. எந்த நாளில், எந்த ரிலேயில், என்ன கண்டோம் என்பதை அவர்கள் உடனே எழுதி வைத்தார்களே, அதுதான் நாம் போற்றத்தக்கது. அந்தக் குறிப்பேடு வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் காப்பில் இருக்கிறது. எழுதி வைத்தல் இரண்டாவது பாடம்.

அதே காலத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்டு ஹாமிங் என்னும் கணித அறிஞர் பணியாற்றினார். வார இறுதியில் ஆளில்லாத வேளையில் ரிலேக் கணிப்பொறி அவருடைய கணக்குகளைச் செய்ய வேண்டும். பிழை நேர்ந்ததைப் பொறி கண்டுகொள்ளும்; ஆனால் கண்டவுடன் அந்தக் கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குச் சென்றுவிடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் விடை இராது. இது இருமுறை நேரவே, ஹாமிங்குக்குச் சினம் மூண்டது. பிழை இருப்பதை அறியக்கூடிய பொறி, பிழை இருக்கும் இடத்தையும் அறிந்து திருத்தலாகாதா என்று அவர் சிந்தித்தார். அந்தச் சிந்தனையின் பயனாக 1950-இல் பிழை திருத்தும் குறிமுறையை வெளியிட்டார். பெரிய நிறுவனங்களின் சர்வர் கணிப்பொறிகளில் நினைவகத்தைக் காத்து நிற்பது அவ்வழியில் வந்த முறையே. விலை கருதி, பெரும்பாலான வீட்டுக் கணிப்பொறிகளுக்கு அந்த முழுக் காப்பு அளிக்கப்படுவதில்லை. வீட்டுக் கணிப்பொறி காரணம் தெரியாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

நினைவகத்தில் பிழை எங்கிருந்து வருகிறது? 1978-இல் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த மே, உட்ஸ் என்னும் இருவர் வியப்பான ஓர் உண்மையை வெளியிட்டனர். நினைவகச் சில்லை மூடியிருக்கும் உறையில் யுரேனியமும் தோரியமும் மிகச் சிறிதளவு கலந்திருந்தன. அவற்றினின்று வெளிப்பட்ட ஆல்பாத் துகள்கள் சில்லில் பாய்ந்து, சுழியத்தை ஒன்றாகவும் ஒன்றைச் சுழியமாகவும் மாற்றின. சில்லு உடையவில்லை, எரியவில்லை. ஒரு கணம் பொய் சொல்லிவிட்டு மீண்டும் நேர்மையாக நடந்துகொண்டது. இத்தகைய பிழையைத் தேடிப் பிடிப்பது எத்துணை அரிது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி, பொறி ஏன் நிற்கிறது என்னும் கேள்விக்கு வருவோம். 1960-களில் 'மல்டிக்ஸ்' என்னும் பெரிய இயங்குதளத்தை அமைத்தவர்கள், பிழை நேர்ந்தால் அதிலிருந்து மீள்வதற்கென்றே மிகப் பெரும் பகுதி நிரலை எழுதினார்கள். பின்னர் 'யுனிக்ஸ்' இயங்குதளத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான டென்னிஸ் ரிச்சி, தாங்கள் அதனையெல்லாம் விட்டுவிட்டதாக மல்டிக்ஸ் அன்பர் ஒருவரிடம் கூறினாராம். மீள முடியாத பிழை கண்டால் 'பேனிக்', அதாவது 'பதற்றம்', என்ற ஒரு சிறு பகுதி அழைக்கப்படும், பொறி நின்றுவிடும், கூடத்தின் மறுகோடியில் இருப்பவரைக் கூவியழைத்து மீண்டும் இயக்கச் சொல்லலாம் என்றாராம். கேட்பதற்கு நகைப்பாக இருந்தாலும் இதனுள் ஓர் ஆழ்ந்த உண்மை உண்டு. தன் நினைவே கெட்டுவிட்டது என்று அறிந்த பொறி மேலும் இயங்கினால், கெட்ட நினைவைக் கொண்டு நல்ல கோப்புகளின்மேல் எழுதும். அதனைவிட அந்த இடத்திலேயே நிற்பது மேல்.

நீலத்திரையும் இந்தக் கொள்கையின் வழி வந்ததே. 1985-இல் வெளிவந்த இன்டெல் 386 சில்லு, நிரல்களுக்குள் உயர்வு தாழ்வு வகுக்க வழி செய்தது. இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் எல்லா உரிமையும் உடையது. நாம் பயன்படுத்தும் நிரல்களோ வரம்புக்குட்பட்டவை. வரம்புக்குட்பட்ட நிரல் பிழை செய்தால் அந்த நிரல் மட்டும் மூடப்படும். உட்கருவிலேயே பிழை நேர்ந்தால் அதனைத் தண்டிக்க மேலே ஒருவரும் இல்லை. 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி., அத்தகைய நேரத்தில் எல்லாவற்றையும் நிறுத்தி, நீலத்திரையில் காரணக் குறியெண்ணைக் காட்டியது. நினைவகத்தின் படியையும் ஒரு கோப்பாகச் சேமிக்கும் வசதி பெற்றது. எனவே நீலத்திரையை நோய் என்று கொள்ளாதீர்கள். அது நோயாளி மயங்கி விழுமுன் கூறிய கடைசி வாக்குமூலம்.

இந்த நீலத்திரை உலகப் புகழ் பெற்ற நாள் ஒன்று உண்டு. 1998 ஏப்ரல் 20-ஆம் நாள், சிகாகோ நகரக் கண்காட்சியில் பில் கேட்ஸ் முன்னிலையில் வெளிவரவிருந்த விண்டோஸ் 98 செயல் விளக்கம் நடந்தது. ஸ்கேனர் கருவியைச் செருகிய உடனே, கூடியிருந்த மக்கள் அனைவரும் காணப் பெரிய திரை நீலமாயிற்று. அவை சிரித்தது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு அனுப்பவில்லை போலும் என்று கேட்ஸ் நயமாகச் சொல்லிச் சமாளித்தார். நான் இதனை நகைச்சுவைக்காக மட்டும் கூறவில்லை. எது செருகப்பட்டபோது பொறி நின்றது என்பதைக் கவனியுங்கள். ஒரு வெளிக்கருவி. கருவியையும் இயங்குதளத்தையும் இணைக்கும் சிறு நிரலுக்கு 'டிரைவர்' என்று பெயர். அதனை எழுதுகின்றவர்கள் பெரும்பாலும் கருவி செய்பவர்கள். ஆனால் அது உட்கருவின் உரிமையோடு இயங்குகிறது. வீட்டுக்கு வந்த விருந்தினரிடம் சாவிக்கொத்து முழுவதையும் கொடுத்தாற் போன்றது அது. விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில் அறிவிக்கப்பட்ட செயலிழப்புகளுள் 85 விழுக்காடு டிரைவர்களால் விளைந்தவை என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வுரை குறிப்பிட்டது.

அந்தக் காலத்திலேயே மற்றொரு மாறுதலும் நேர்ந்தது. பொறி நின்றவுடன், உரியவர் இசைந்தால், அதன் குறிப்பு இணையவழி நிறுவனத்துக்குச் செல்லும் முறை வந்தது. பல்லாயிரம் வீடுகளின் வாக்குமூலங்கள் ஓரிடத்தில் குவிந்தன. 2002-இல் மைக்ரோசாப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் எழுதிய கடிதமொன்றில், குறைகளுள் 20 விழுக்காடு 80 விழுக்காட்டுப் பிழைகளுக்குக் காரணம் என்றும், 1 விழுக்காட்டுக் குறைகளே பாதிப் பிழைகளை விளைவிக்கின்றன என்றும் குறித்தார். ஒரு வீட்டில் இருந்து பார்ப்பவருக்குத் தெரியாத உண்மை, பல வீடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது.

2011-இல் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சியாளர் மூவர் வெளியிட்ட ஆய்வு நம் கேள்விக்கு மிக நெருங்கியது. ஏறத்தாழ பத்து இலட்சம் கணிப்பொறிகளின் குறிப்புகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். எட்டு மாதத்தில் 30 நாள் அளவேனும் உழைத்த பொறிகளில், மையச் செயலகப் பழுதால் ஒருமுறை நிற்கும் வாய்ப்பு 190-இல் 1. ஆனால் ஒருமுறை அங்ஙனம் நின்ற பொறி மறுமுறையும் நிற்கும் வாய்ப்போ ஏறக்குறைய 3-இல் 1! மின்கருவிப் பழுது ஒருமுறை வந்து போகும் விருந்தாளி அன்று; வந்தால் தங்கிவிடும் குடியாளி. வேகத்தைக் கூட்டி ஓட்டப்பட்ட பொறிகள் கூடுதலாக நின்றன. சற்றுக் குறைத்து ஓட்டியவை நிலைபெற்றன. ஆதலால் நீலத்திரை மீண்டும் மீண்டும் வந்தால், தற்செயல் என்று விட்டுவிடலாகாது.

மாணவ அன்பர்களே, இந்த வரலாற்றிலிருந்து வீட்டில் கையாளத்தக்க முறையொன்று கிடைக்கிறது. முதற்கண், உங்கள் கோப்புகளை வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். பொறியை மாற்றலாம்; எழுதியதை மாற்றிப் பெற முடியாது. அடுத்து, மார்க் 2 பொறியாளர்களைப் போல் ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். நாள், மணி, அப்போது செய்துகொண்டிருந்த வேலை, திரையில் கண்ட குறியெண் ஆகிய நான்கையும் எழுதுங்கள். குறியெண் எப்போதும் ஒன்றாகவே இருந்து ஒரே டிரைவரின் பெயரைக் காட்டினால், ஐயம் அந்த டிரைவர்மேல் செல்லும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குறியெண் வந்தால், நினைவகத்தையோ மின்சாரத்தையோ ஐயுற வேண்டும். 124 என்ற குறியெண், கருவிப் பழுதைப் பொறியே உணர்ந்து அறிவித்தது என்று பொருள்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாக்குமூலத்தில் காணும் பெயர் குற்றவாளியின் பெயர் என்று கொள்ள வேண்டியதில்லை. ஒரு டிரைவர் மற்றொன்றின் நினைவிடத்தில் தவறாக எழுதிவிட்டு அமைதியாக இருந்துவிடும். அந்த இடத்தைப் பின்னர்ப் படிக்க வந்தது விழும். பழியும் அதன்மேல் விழும். இதனைக் கருதியே விண்டோஸ் 2000 பதிப்புடன் 'டிரைவர் வெரிஃபையர்' என்னும் சோதனைக் கருவி வந்தது. அது டிரைவர்களைக் கடுமையாகச் சோதித்து, குற்றம் நிகழும் இடத்திலேயே பொறியை நிறுத்துகிறது. பாதுகாப்பு முறையில் பொறியைத் தொடங்கி இக்கருவியை நிறுத்த அறிந்த பின்னரே இதனை ஏவ வேண்டும்.

நினைவகத்தைச் சோதிக்க விண்டோஸிலேயே ஒரு கருவி இருக்கிறது. 'மெம்டெஸ்ட்' போன்ற தனி நிரல்களும் உள்ளன. அவற்றை இரவு முழுவதும் ஓட விடலாம். பிழை காட்டினால், மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, இரண்டு ராம் பலகைகளில் ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மட்டும் வைத்துச் சோதியுங்கள். பிறகு இடத்தை மாற்றுங்கள். பிழை பலகையைத் தொடர்ந்து சென்றால் பலகை கெட்டது. பிழை செருகிடத்திலேயே நின்றால் மதர்போர்டு கெட்டது. எனியாக் கூடத்துப் பெண்மணிகள் செய்த பகுத்தொதுக்கும் முறை இதுவே. விசிறியில் தூசு அடைந்து வெப்பம் ஏறுகிறதா, எஸ்.எம்.பி.எஸ். போதிய மின்சாரம் தருகிறதா, வேகம் கூட்டி வைக்கப்பட்டிருக்கிறதா என்பவற்றையும் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நீங்களே திறக்க வேண்டா. இணைப்பை எடுத்த பின்னும் அதனுள் உயிருக்கு ஊறு செய்யும் மின்சாரம் தேங்கியிருக்கும்.

எதனைச் செய்தாலும் ஒரு வேளைக்கு ஒன்றையே மாற்றுங்கள். டிரைவரைப் புதுப்பித்து, ராமையும் மாற்றி, தூசும் தட்டிய பிறகு பொறி சரியாயிற்று என்றால், எதனால் சரியாயிற்று? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் பதிவது சில சமயம் தேவைப்படலாம். ஆனால் அது கடைசிப் படியாக இருக்கட்டும். அது சான்றுகளையும் சேர்த்து அழித்துவிடுகிறது. பழுது ராமில் இருந்தால், புதிய பதிவும் சில நாளில் நீலமாகும்.

பழுது வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறைச் செயலகங்கள் சிலவற்றில் அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தால் நிலையின்மை நேர்ந்ததை 2024-இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டாண்டுகள் நீட்டியது. அதற்கு முன் அப்பொறிகளில் விளையாடியவர்கள் பலருக்கு, திரை நினைவகம் போதவில்லை என்ற தவறான செய்தியே காட்டப்பட்டது! அதே ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலமாகி நின்றன. 20 விவரங்கள் மட்டுமே தரப்பட்ட இடத்தில் நிரல் 21-ஆவதைத் தேடிச் சென்றது. உட்கருவின் உரிமையோடு இல்லாத இடத்தைப் படித்தது. மருத்துவமனைகள் தடுமாறின, விமானங்கள் நின்றன, இந்திய விமான நிலையங்களில் பயணிகள் சிலருக்குச் சீட்டைக் கையாலேயே எழுதிக் கொடுத்தார்கள். பல இடங்களில் ஒவ்வொரு பொறியின் முன்னும் ஒரு மனிதர் அமர்ந்து, பாதுகாப்பு முறையில் தொடங்கி, அந்த ஒரு கோப்பை நீக்க வேண்டியதாயிற்று. சாவிக்கொத்தை யாரிடம் கொடுக்கிறோம் என்னும் பழைய கேள்வி மீண்டும் உலகின் முன் நின்றது.

2025-இல் விண்டோஸ் 11 பதிப்பில் நீலத்திரையின் நிறத்தைக் கருமையாக மாற்றியது மைக்ரோசாப்ட். 2012 முதல் அதில் இருந்துவந்த வருத்த முகக்குறியும் நீங்கியது. குறியெண் மட்டும் நீங்கவில்லை. நீங்கவும் கூடாது என்பது என் கருத்து. நிறம் எதுவாயினும், பொறி தன் குறையைத் தானே கூறிவிட்டு நிற்கிறது. வால்வுக் காலத்தில் ஒரு கூடம் நிறைந்த அறிஞர்கள் செய்த வேலையை, இன்று மேசைமேல் உள்ள பொறிக்காக ஒரு மாணவர் செய்ய முடிகிறது. அடுத்த முறை உங்கள் திரை மாறும்போது, பொறியைத் தட்டுவதற்கு முன் எழுதுகோலை எடுத்துக் குறியெண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.